ரிமோட் யார் கையில்?

போன வைகாசியில், மதுரையில் என் பெரியண்ணன் மகள் கல்யாணம். 500 பேர் உட்காரும் ஏ.சி. மண்டபம். காலை 5 மணிக்கு உள்ளே போனால், ஆளே இல்லாத ஹாலில் 18 டிகிரி! மூட்டு வலிக்கார என் மாமியார், சால்வை கிடைக்காமல், சீர்வரிசைத் தட்டை மூடியிருந்த துணியை எடுத்துப் போர்த்திக் கொண்டார். கைக்குழந்தையோடு வந்த என் தங்கை, வராந்தாவுக்கே போய்விட்டாள்.

9 மணி முகூர்த்தத்துக்கு ஹால் நிரம்பியதும், கதை தலைகீழ். காற்று வரும் குழாய்க்கு நேர் கீழே இருந்தவர்களுக்கு நடுக்கம். பின்வரிசையில் எங்களுக்குப் புழுக்கம். பட்டுப்புடவை நனைய, பத்திரிகையால் விசிறிக் கொண்டிருந்தோம். தலைக்கு மேல் ஃபேன்கள் சும்மா தொங்குகின்றன. 'ஏ.சி. ஓடும்போது ஃபேன் எதுக்கும்மா?' என்கிறார் மேனேஜர்.

என் கொழுந்தன் ஏ.சி. மெக்கானிக். 'அண்ணி, உட்கார்ந்திருக்கிற ஒரு ஆள் உடம்புலேர்ந்தே சுமார் 100 வாட் சூடு வரும். 500 பேர்னா 50 கிலோவாட். அதை இழுக்கவே 14 டன் ஏ.சி. வேணும். காலி ஹாலை விடிய விடிய குளிர வெச்சு என்ன பிரயோஜனம்? கூட்டம் வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி போட்டாப் போதும். 25, 26ல வெச்சு ஃபேனைச் சுத்த விட்டா, வேர்வை காயும். குளிரும் ஒரே இடத்துல விழாம கலந்துடும்' என்றான். பழைய சீலிங் ஃபேனுக்கே 75 வாட் தானாம். புது ரகத்துக்கு அதில் பாதி கூட வேண்டாமாம்.

பெரிய கட்டடங்களில் 24லிருந்து 26 டிகிரிக்குள் வைக்கும்படி, 2018லேயே மத்திய அரசு அறிவுறுத்தியது. ஒரு டிகிரி கூட்டினால், ஏறக்குறைய 6 சதவீதம் மின்சாரம் மிச்சம். யார் கேட்கிறார்கள்?

கணக்கு முடிக்கும்போது தான் வயிறெரிந்தது. வாடகை தனி, மீட்டர் பார்த்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று கரன்ட் தனி. 22 ஆயிரம்! போட்டோக்காரருக்கு வைத்திருந்த பணத்தை எடுத்துக் கொடுத்தார் அண்ணன். பணம் நம்முடையது, ரிமோட் மட்டும் அவர்கள் கையில். மீட்டர் ஓட ஓட அவர்களுக்கு லாபம் தானே, எதற்குக் குறைப்பார்கள்?

அவர்களை மட்டும் சொல்லி என்ன... 'ஏ.சி.யைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கண்ணே' என்று காலையிலேயே சொன்னேன். 'மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வேர்க்குதுன்னு சொல்லிட்டா, அசிங்கம் யாருக்கு?' என்று என் வாயை அடைத்துவிட்டார். சம்பந்தியம்மாளே முந்தானையை இழுத்துப் போர்த்தியிருந்ததை, மனிதர் கவனிக்கவே இல்லை.

தோழியரே, மண்டபம் பேசப் போகும்போது, பாத்திரத்தையும் பந்தி மேஜையையும் எண்ணுகிற நாம், ஏ.சி. எத்தனை மணிக்குப் போடுவார்கள், எத்தனை டிகிரி, ஃபேன் ஓடுமா என்பதையும் கேட்போம். முதல் நாள் மீட்டர் ரீடிங்கை, நம் ஆள் ஒருவர் குறித்துக் கொள்ளட்டும். ஹோமப் புகைக்காக மணமேடை ஃபேனை வேண்டுமானால் நிறுத்தட்டும்.

வருகிற தையில் கொழுந்தனுக்கே கல்யாணம். 25 டிகிரி என்று, அட்வான்ஸ் ரசீதிலேயே எழுதி வாங்கிவிட்டேன். என் மாமியார் நம்பவில்லை. இப்போதே சால்வையைப் பெட்டியில் எடுத்து வைத்துவிட்டார்.

— ஒரு வாசகி, திண்டுக்கல்.