சம்பளம் நின்ற கிளப்பும் சுனில் சேத்ரியின் நீண்ட ஆட்டமும்

2025-ம் ஆண்டு ஆகஸ்ட் முதல் வாரத்தில் பெங்களூர் எப்.சி. கால்பந்து கிளப் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. முதல் அணி ஆட்டக்காரர்களுக்கும் அணியின் ஊழியர்களுக்கும் சம்பளம் காலவரையறை இன்றி நிறுத்தி வைக்கப்படுகிறது என்பதே அந்த அறிவிப்பு. மாதம் பிறந்தால் சம்பளம், சம்பளம் வந்தால் வீட்டு வாடகை, மளிகைக் கடை பாக்கி என்று கணக்குப் போட்டு வாழ்கிறவர்களுக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை.

அந்தக் கிளப்பின் பெரிய பெயர் சுனில் சேத்ரி. அதே வாரத்தில்தான் அவருக்கு 41 வயது நிறைந்தது. அதற்கு நான்கு மாதம் முன்பு முடிந்த ஐ.எஸ்.எல். போட்டியில் 14 கோல் போட்டு, இந்திய ஆட்டக்காரர்களில் முதலாவதாக வந்திருந்தார். அணியும் இறுதி ஆட்டம் வரை சென்று, கூடுதல் நேரத்தில் மோகன் பகானிடம் 2-1 என்று தோற்றது. வேலை செய்தவர் மீது குறை இல்லை. வேலை கொடுத்த இடத்தில்தான் குறை.

குறை எங்கே தொடங்கியது? ஐ.எஸ்.எல். போட்டியை நடத்தி வந்த ரிலையன்ஸ் துணை நிறுவனத்துக்கும் அகில இந்திய கால்பந்து சம்மேளனத்துக்கும் 2010-ல் 15 ஆண்டு ஒப்பந்தம் ஏற்பட்டது. ஆண்டுக்கு 50 கோடி ரூபாய் சம்மேளனத்துக்குக் கிடைத்து வந்தது. ஒப்பந்தம் 2025 டிசம்பர் 8-ந் தேதியுடன் முடிவதாக இருந்தது. முடியும் தேதி 15 ஆண்டுகளாக எல்லோருக்கும் தெரிந்ததே. ஆனாலும் புது ஒப்பந்தம் எழுதப்படவில்லை. ஜூலையில் போட்டி நிறுத்தி வைக்கப்பட்டது. ஆகஸ்டில் பெங்களூரில் சம்பளம் நின்றது. சென்னையின் சென்னையின் எப்.சி.யும் நடவடிக்கைகளை நிறுத்தி வைத்தது.

இது சேத்ரிக்குப் புது அனுபவம் அல்ல என்பதே இங்கே கவனிக்க வேண்டியது. அவர் ஆடிய கிளப்புகளை வரிசையாக எடுத்துப் பார்த்தால், இந்தியக் கால்பந்துக்கு யார் யார் படி அளந்தார்கள், எப்போது கையை இழுத்துக்கொண்டார்கள் என்பது தெரியும்.

மில் நடத்திய அணி

சேத்ரி 1984-ல் செகந்திராபாத்தில் பிறந்தவர். தந்தை ராணுவத்தில் இருந்தவர். தாயார் நேபாளப் பெண்கள் அணியில் கால்பந்து ஆடியவர். டெல்லியில் ஆடிக்கொண்டிருந்த பையனை 2002-ல் கல்கத்தா மோகன் பகான் எடுத்துக்கொண்டது. மூன்று ஆண்டு அங்கே ஆடினார். முன்வரிசையில் வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் நிற்கும் கிளப்பில் ஓர் இளைஞனுக்கு எவ்வளவு இடம் கிடைக்குமோ அவ்வளவுதான் கிடைத்தது.

2005-ல் பஞ்சாபில் உள்ள பக்வாராவுக்குச் சென்றார். ஜே.சி.டி. என்ற மூன்று எழுத்து, ஜகத்ஜித் காட்டன் டெக்ஸ்டைல் என்ற நூற்பாலையின் பெயர். 1996-97-ல் நடந்த முதல் தேசிய லீக் போட்டியில் பட்டம் வென்ற அணி அது. ஐ.எம்.விஜயனும் பைச்சுங் பூட்டியாவும் அதில் ஆடினார்கள். சேத்ரி தேர்ந்த ஆட்டக்காரராக ஆனது இந்த மில் அணியில்தான். 2005 ஜூனில் குவெட்டாவில் பாகிஸ்தானுக்கு எதிராக முதல் முறையாக இந்திய அணியில் இறங்கி, முதல் ஆட்டத்திலேயே கோல் போட்டார். 2006-07 லீக்கில் ஜே.சி.டி. இரண்டாம் இடத்துக்கு வந்தது.

அந்த ஜே.சி.டி. 2011-ல் மூடப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு பம்பாயில் மகிந்திரா யுனைடெட் மூடப்பட்டது. கம்பெனிக்கு விளம்பரமும் இல்லை, வருமானமும் இல்லை என்றானபோது கம்பெனி முதலில் கைவிட்டது கால்பந்து அணியைத்தான்.

மூடும் முன்பே சேத்ரி வெளியே வந்துவிட்டார். 2008-ல் ஈஸ்ட் பெங்கால், 2009-ல் கோவாவின் டெம்போ, 2011-ல் கல்கத்தாவின் சிராக் யுனைடெட், அதே ஆண்டில் மறுபடியும் மோகன் பகான் என்று மாறினார். டெம்போ சுரங்கத் தொழில் செய்த குடும்பத்தின் கிளப். ஐந்து முறை இந்தியப் பட்டம் வென்ற அது, 2016-ல் ஐ-லீக் போட்டியிலிருந்து தானே விலகி, பல ஆண்டுகள் கழித்துத்தான் திரும்பியது. சிராக் யுனைடெட்டோ பிரயாக் யுனைடெட் ஆகி, பிறகு யுனைடெட் ஸ்போர்ட்ஸ் கிளப் ஆகியது. பணம் கொடுப்பவர் மாறினால் பெயரும் மாறும் என்ற நிலை.

நூறாண்டு கண்ட கிளப்புகளும் இதற்கு விலக்கு அல்ல. மோகன் பகான் பெயருக்கு முன்னால் மெக்டவல் என்றும், ஈஸ்ட் பெங்கால் பெயருக்கு முன்னால் கிங்பிஷர் என்றும் பல ஆண்டு எழுதப்பட்டதைப் பழைய ரசிகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இரண்டும் அப்போது பெங்களூரில் தலைமை அலுவலகம் வைத்திருந்த ஒரே மதுபானக் குழுமத்தின் சரக்குகள். கல்கத்தாவில் எந்தக் கட்சி ஜெயித்தாலும் பெங்களூரில் ஒரே கல்லாப்பெட்டிக்குத்தான் விளம்பரம்!

கடல் கடந்து

நடுவில் மூன்று முறை வெளிநாட்டு வாய்ப்பு வந்தது. 2009-ல் லண்டன் குவீன்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் கிளப் ஒப்பந்தம் செய்ய முன்வந்தது. உலகத் தர வரிசையில் முதல் 70 நாடுகளுக்குள் இந்தியா இல்லை என்பதால் பிரிட்டிஷ் அரசு வேலை அனுமதி மறுத்தது. ஆட்டக்காரரின் தகுதியைப் பார்க்காமல் நாட்டின் தகுதியைப் பார்த்தார்கள். வளைகுடா விசாவுக்கு அலைந்தவர்கள் இந்த நியாயத்தை அறிவார்கள்.

2010-ல் அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டி அணிக்குச் சென்றார். ஒரு கோப்பை ஆட்டத்தில் இறங்கினார். மான்செஸ்டர் யுனைடெட்டுடன் நடந்த நட்பு ஆட்டத்தில் மாற்று ஆட்டக்காரராக வந்தார். லீக் ஆட்டம் ஒன்றில்கூட இறக்கப்படவில்லை. 2012-ல் போர்ச்சுகலில் ஸ்போர்ட்டிங் கிளப்பின் இரண்டாம் அணியில் சேர்ந்து, மூன்று ஆட்டங்களோடு திரும்பினார். வந்து சேர்ந்த சர்ச்சில் பிரதர்ஸ் 2013-ல் ஐ-லீக் பட்டம் வென்றது.

இதைத் தோல்வி என்று எழுதிவிடுவது சுலபம். ஆனால் இதே காலத்தில் இந்திய அணிக்கு அவர் செய்ததையும் பார்க்க வேண்டும். 2008-ல் டெல்லியில் ஏ.எப்.சி. சேலஞ்ச் கோப்பை இறுதி ஆட்டத்தில் தஜிகிஸ்தானுக்கு எதிராக மூன்று கோல் போட்டார். அந்த வெற்றியால்தான் 27 ஆண்டுகளுக்குப் பிறகு, 2011-ல், ஆசியக் கோப்பையில் இந்தியா இடம் பெற்றது. அங்கே பஹ்ரைனுக்கும் தென் கொரியாவுக்கும் எதிராக ஒவ்வொரு கோல் போட்டார்.

பெங்களூர் கொடுத்த இடம்

2013-ல் உருக்கு நிறுவனமான ஜே.எஸ்.டபிள்யூ. பெங்களூரில் புதுக் கிளப் தொடங்கியது. சேத்ரி அதன் கேப்டன் ஆனார். முதல் ஆண்டிலேயே ஐ-லீக் பட்டம். 2016-ல் இரண்டாவது பட்டம். அதே ஆண்டு ஏ.எப்.சி. கோப்பை இறுதி ஆட்டம் வரை சென்று ஈராக் விமானப்படை அணியிடம் ஒரு கோலில் தோல்வி. 2018-19-ல் ஐ.எஸ்.எல். பட்டம். நடுவில் 2015-ல் ஐ.எஸ்.எல். ஏலத்தில் மும்பை அணி அவரை ஒரு கோடியே 20 லட்சம் ரூபாய்க்கு எடுத்தது. கண்டீரவா மைதானத்தின் மேற்கு காலரியில் வாராவாரம் கத்திய கூட்டத்தில் அல்சூர், ஆஸ்டின் டவுன் தமிழ்ப் பையன்களும் உண்டு.

பத்தாண்டுக்கு மேல் ஒரே கிளப்பில் இருந்தது அவருடைய ஆட்ட வாழ்க்கையிலேயே இங்குதான். அதனால்தான் ஆகஸ்டு அறிவிப்பு மற்ற கிளப்புகள் மூடியதைவிட உறைத்தது. பழைய கிளப்புகள் ஏழ்மையால் மூடின, புதியவை பெரிய முதலாளிகளுடையவை, அவற்றுக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்லப்பட்டு வந்தது. பெரிய முதலாளியும் வரவு இல்லாத மாதத்தில் சின்ன முதலாளி செய்ததையே செய்தார்.

விஜயனின் காக்கிச் சட்டை

இங்கே ஐ.எம்.விஜயனை ஒப்பிட்டுப் பார்ப்பது பொருத்தம். திருச்சூர் மைதானத்தில் சோடா விற்ற பையன். 1987-ல் கேரள போலீஸ் அணியில் சேர்ந்தார். மோகன் பகான், ஜே.சி.டி., எப்.சி.கொச்சின், ஈஸ்ட் பெங்கால், சர்ச்சில் என்று அவரும் பல கிளப் மாறியவர்தான். அவற்றில் ஜே.சி.டி.யும் கொச்சினும் இன்று இல்லை. 'திமிரு' படத்தின் வில்லனாக அவரைத் தமிழ் ரசிகர்கள் அறிவார்கள். சினிமா ஒரு பக்கம் இருக்க, கடைசியில் அவருக்குக் கைகொடுத்தது போலீஸ் வேலை. 2025 ஏப்ரலில் டெபுடி கமாண்டண்ட் பதவியிலிருந்து ஓய்வு பெற்றார். அந்த ஆண்டுதான் பத்மஸ்ரீ விருதும் அறிவிக்கப்பட்டது.

பெங்களூரிலும் ஒரு காலத்தில் இந்த ஏற்பாடு இருந்தது. எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ., ராணுவத்தின் மதராஸ் என்ஜினீயர் குரூப் போன்ற அணிகள் பந்து ஆடத் தெரிந்தவனுக்கு வேலை கொடுத்தன. காலையில் பயிற்சி, பிறகு ஆபீஸ் அல்லது ஷிப்டு. கால் போனாலும் நாற்காலி இருக்கும். ஐ.டி.ஐ. தேசிய லீக்கில் ஆடியது, எச்.ஏ.எல். 2012-ல் ஐ-லீக்கிலிருந்து கீழே இறங்கியது. அந்த ஆட்டம் மெதுவானது, பயிற்சி போதாது, வெளிநாட்டு அணிகளிடம் எடுபடாது என்ற குறைகள் உண்மையே. தொழில்முறைக் கிளப்புகள் ஆட்டத்தை வேகமாக்கின என்பதும் உண்மையே. ஆனால் வேலையை எடுத்துவிட்டு ஒப்பந்தத்தைக் கொடுத்தவர்கள், ஒப்பந்தம் நின்றால் என்ன என்பதற்குப் பதில் எழுதி வைக்கவில்லை.

சேத்ரிக்கு அந்தப் பதில் தேவைப்படவில்லை. ஒரு கிளப் மூடினால் இன்னொரு கிளப் கூப்பிடும் அளவுக்குக் கோல் போட்டவர் அவர். ஐந்து வருடம் ஆடி, முழங்கால் அடிபட்டு, 28 வயதில் நிற்கும் பின்வரிசை ஆட்டக்காரனுக்கு யார் தந்தி அடிப்பார்கள்? சம்பளம் நின்ற பட்டியலில் அவனும் இருந்தான். பட்டியலில் பெரும்பகுதி அவனைப் போன்றவர்கள்தான்.

இரண்டு வீடியோக்கள்

2018 ஜூனில் பம்பாயில் சீன தைபே அணிக்கு எதிராக இந்தியா 5-0 என்று வென்றது. சேத்ரி மூன்று கோல் போட்டார். பார்க்க வந்தவர்கள் 2,569 பேர். மறுநாள் அவர் ஒரு வீடியோவில் பேசினார்: திட்டுவதானாலும் மைதானத்துக்கு வந்து திட்டுங்கள் என்ற பொருளில் கேட்டுக்கொண்டார். கென்யாவுக்கு எதிரான அடுத்த ஆட்டத்துக்கு டிக்கெட் முழுவதும் விற்றது. அது அவருடைய 100-வது சர்வதேச ஆட்டம்.

2024 ஜூனில் 94 கோலுடன் சர்வதேச ஆட்டத்திலிருந்து விடைபெற்றார். கோல் போட வேறு ஆள் இல்லாமல் 2025 மார்ச்சில் திரும்ப அழைத்தார்கள். ஷில்லாங்கில் மாலத்தீவுக்கு எதிராக 95-வது கோல் போட்டார். 40 வயதுக்காரரைத் திரும்ப அழைக்க வேண்டி வந்தது அவருக்குப் பெருமை. சம்மேளனத்துக்குப் பெருமை அல்ல. அக்டோபரில் மட்காவில் சிங்கப்பூரிடம் 2-1 என்று தோற்று, 2027 ஆசியக் கோப்பை வாய்ப்பையும் இந்தியா இழந்தது.

அதே மாதத்தில் போட்டியை நடத்தச் சம்மேளனம் டெண்டர் கேட்டது. ஒரு கம்பெனிகூட விண்ணப்பம் போடவில்லை. 2026 ஜனவரி தொடக்கத்தில் இன்னொரு வீடியோ வந்தது. சேத்ரி, கோல் கீப்பர் குர்பிரீத் சிங், சந்தேஷ் ஜிங்கன் முதலியோர் உலகக் கால்பந்து சம்மேளனம் தலையிட வேண்டும் என்று அதில் கேட்டார்கள். முதல் வீடியோவில் ஆட்டம் பார்க்க வாருங்கள் என்றவர், இரண்டாவதில் ஆட்டம் நடத்துங்கள் என்று கேட்க வேண்டியதாயிற்று.

சில நாட்களில் மத்திய விளையாட்டு மந்திரி, பிப்ரவரி 14-ந் தேதி போட்டி தொடங்கும், 14 கிளப்புகளும் ஆடும் என்று அறிவித்தார். ஒவ்வொரு அணியும் மற்ற அணியுடன் ஒரு முறை மட்டும் மோதும். மொத்தம் 91 ஆட்டம். முந்தைய ஆண்டு ஒரு கிளப் லீக்கில் 24 ஆட்டம் ஆடியது. இந்தக் கணக்கில் 13. ஆட்டம் ஏறக்குறையப் பாதியானால் சம்பளம் எவ்வளவு என்பதை ஒவ்வொரு கிளப்பும் தன் ஆட்டக்காரர்களுடன் தனித்தனியே பேசித் தீர்க்க வேண்டியதாக விடப்பட்டது.