காப்பிக்கடையும் ஒரு வகுப்பறைதான்

'நான் விரும்பும் இடம்' என்னும் தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னேன். எங்கள் மாசாய் மாணவர்களுள் பெரும்பாலோர் பேரங்காடியைப் பற்றியே எழுதியிருந்தனர்.

நான் விரும்பும் இடம் குளுவாங் ரயில் காப்பிக்கடை. 1938-இல் அச்சிற்றூரின் இரயில் நிலையத்திலேயே தொடங்கப்பெற்றது. வாட்டிய ரொட்டி, காயா, அரைவேக்காட்டு முட்டை, கெட்டிக் காப்பி, சுவைக்குக் குறைவில்லை.

ஆனால், கடையின் பெயரிலேயே இரயில் இருக்கிறதே! பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய கதை அதுதான். மலாயாவில் தண்டவாளம் போட்டவர்களுள் தமிழர் பலர். கடை தொடங்கிய நான்காம் ஆண்டில், 1942-இல், ஜப்பானியர் சயாம்-பர்மா இரயில்பாதைப் பணியைத் தொடங்கினர். மலாயாத் தோட்டங்களிலிருந்து அங்குக் கொண்டு செல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர். மீளாதோர் மிகப் பலர்.

2025-இல் மின்இரயிலும் குளுவாங்கிற்கு வந்துவிட்டது. இனி இக்கதையை யார் சொல்வார்? பாடநூல் சொல்லட்டும் என்று காத்திருத்தல் தகாது. பெற்றோர்களே, அடுத்த பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு தாத்தா பாட்டியையும் அங்கே அழைத்துச் செல்லுங்கள். தம் பெற்றோர் சொன்னதை அவர்கள் சொல்லட்டும். பிள்ளைகள் கேட்டு எழுதட்டும். அந்தக் கட்டுரைகளைத் திருத்த நான் காத்திருக்கிறேன்.