ஊசி பிள்ளைக்கு, தாய்க்கு என்ன?

என் அக்காவுக்கு முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோது சக்கரை என்றார்கள். "இது மாசமா இருக்கறப்ப வர்ற சக்கரைம்மா, புள்ள பொறந்தா போயிடும்" என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். பிள்ளை பிறந்தது. சக்கரையும் போனதாக நாங்கள் நினைத்துக்கொண்டோம். நாலு வருஷம் கழித்து, நடவில் சேற்றுக்குள் நின்ற காலில் புண் ஆறாமல் போனபோதுதான் மறுபடி ரத்தம் எடுத்தார்கள். சக்கரை அன்று போனதா, போகவேயில்லையா? சொல்வதற்கு எங்களிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

ஆஸ்பத்திரி சொன்னது பாதி உண்மை. நஞ்சுக்கொடியில் சுரக்கும் சத்துகள் இன்சுலினை மறிப்பதால் சக்கரை ஏறுகிறது; நஞ்சு விழுந்ததும் பெரும்பாலும் இறங்கிவிடுகிறது. மீதிப் பாதியை யாரும் சொல்லவில்லை. இப்படிச் சக்கரை வந்துபோன பெண்ணுக்குப் பின்னாளில் நிரந்தரச் சக்கரை நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏழு மடங்குக்கும் மேல். அதனால்தான் பிரசவமான ஆறாவது வாரம் ஒரு சோதனை, பிறகு வருஷத்துக்கு ஒரு சோதனை என்று மத்திய அரசின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டுதல் சொல்கிறது. காகிதத்தில் எல்லாம் இருக்கிறது, தோழர்களே.

கர்ப்ப காலச் சோதனையை நம் பெண்களின் நிலைமை அறிந்தே வகுத்தார்கள். சென்னை டாக்டர் வீ. சேஷய்யா போன்றவர்கள் வலியுறுத்திய முறை அது. சாப்பிட்டிருந்தாலும் பரவாயில்லை, 75 கிராம் குளுக்கோஸ் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் கொடுத்தால் போதும்; 140ஐத் தொட்டால் சக்கரை. பிரசவத்துக்குப் பிறகோ வெறும் வயிற்றோடு வா என்கிறார்கள். பால் கொடுக்கிறவள், இடுப்பில் கைக்குழந்தையோடு, பட்டினியாக, இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

எங்கள் காலனிக்குள் பஸ் வராது. ஊர் முனைக்கு நடந்துபோய்த்தான் ஏற வேண்டும். அக்கா தலைப்பிரசவத்துக்கு வந்தது தாய் வீட்டுக்கு. அவள் பெயர் இருந்ததோ புருஷன் ஊர் நர்சம்மாவின் பதிவேட்டில். அங்கே "தாய் வீட்டுக்குப் போயிட்டா" என்பார்கள், இங்கே "எங்க லிஸ்ட்ல இல்ல" என்பார்கள். ஆஸ்பத்திரியில் உட்கார இடம் கேட்டபோது, "காலனி ஆளா? வெளிய மரத்தடியில இரு" என்றார்கள். திரும்ப அங்கே போக யாருக்கு மனசு வரும்?

கேட்டால், "ஒங்க பொம்பளைங்களுக்கு அலட்சியம்" என்கிறார்கள். படித்துவிட்ட நம்மாட்களும் சில பேர் அதையே சொல்கிறார்கள். அலட்சியமா? இதே அக்கா பிள்ளையின் தடுப்பூசி ஒன்றையும் தவறவிடவில்லை. பிறந்து ஆறாவது வாரம், பத்தாவது வாரம், பதினாலாவது வாரம் என்று புதன்கிழமை தவறாமல் தூக்கிக்கொண்டு போனாள். ஆறாவது வாரம்! தாய்க்குச் சோதனை செய்ய வேண்டிய அதே வாரம். நர்சம்மா இருந்தார், அக்கா இருந்தாள், அட்டையும் கையில் இருந்தது. பிள்ளையின் தொடையைப் பார்த்தவர்கள் தாயின் முகத்தைப் பார்க்கவில்லை. பெற்றுக் கொடுத்ததோடு அவள் கணக்கு முடிந்தது.

2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை வீடு தேடி வருகிறது, நல்லது. ஆனால் மாத்திரை வருவது நோயாளி என்று ஏட்டில் ஏறியவர்களுக்கு. ஏட்டில் ஏறாதவளை யார் தேடுவது? அரசு ஊழியரான தாய்க்கு ஒரு வருஷம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. கூலிக்காரிக்குச் சோதனைக்குப் போகும் ஒரு நாள்கூடக் கூலி போன நாள்தான். 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் பேறுகால உதவி மசோதாவை ஆதரித்துப் பேசிய அம்பேத்கர், பிரசவத்துக்கு முன்பு மட்டுமல்ல, பின்பும் தாய்க்கு ஓய்வு வேண்டும் என்றார். அந்தப் 'பின்பு' எங்கள் தெருவுக்கு இன்னும் வரவில்லை.

நாம் கேட்க வேண்டியது பெரிய காரியமல்ல. பிள்ளைக்கு ஊசி போடும் அன்றே, அதே இடத்தில் தாய்க்கும் சோதனை. எந்த ஊரில் இருந்தாலும் அவளோடு போகும் பதிவு. அந்த நாளுக்குக் கூலி. மரத்தடி அல்ல, நாற்காலி. மனு எழுதுவோம், கிராம சபையில் தீர்மானமாக வைப்போம்.

மாணவத் தோழர்களுக்கு ஒன்று. இன்று வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம், அக்காவிடம் கேளுங்கள்: "மாசமா இருந்தப்ப ஒனக்கு சக்கர இருந்துச்சா? அப்புறம் பாத்தியா?" இருந்தது, பார்க்கவில்லை என்றால், நாளைக்கே கூட்டிக்கொண்டு போங்கள். என் அக்காவை நான் கேட்கவில்லை.