கப்பலேறிய அரிசியும் கணக்குக் கேட்கும் உரிமையும்

டிட்வா புயலால் நிலைகுலைந்த இலங்கைக்கு 45 கோடி டாலர் உதவியை 2025 டிசம்பரில் இந்தியா அறிவித்தது. 'உள்ளூரில் ஆயிரம் குறை இருக்கும்போது அடுத்த நாட்டுக்கு எதற்கு அள்ளிக் கொடுக்க வேண்டும்?' என்ற கேள்வியை அதன் பிறகு புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் பலமுறை கேட்டேன். அதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. 2022இல் தமிழ்நாடு இலங்கைக்கு அரிசி அனுப்பியபோது, புதுச்சேரியின் ரேஷன் கடைகள் முடங்கிக் கிடந்தன. அவை மீண்டும் திறந்தது 2024 அக்டோபரில்தான்.

இக்கேள்விக்குள் இரண்டு வாதங்கள் கலந்திருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்க்க அமெரிக்க அனுபவம் உதவும். 2022 மே மாதம் உக்ரைனுக்காகச் சுமார் 4,000 கோடி டாலர் அவசர நிதி மசோதா அந்நாட்டு நாடாளுமன்றத்துக்கு வந்தது. 'ஹெரிடேஜ் ஆக்‌ஷன்' என்ற வலதுசாரி அமைப்பு, சொந்த நாட்டு நலன் பின்தள்ளப்படுகிறது என்று கூறி அதை எதிர்த்தது. கீழவையில் 57 பேரும் மேலவையில் 11 பேரும் எதிராக வாக்களித்தனர். மேலவை உறுப்பினர் ராண்ட் பால், செலவைக் கண்காணிக்கத் தனி அதிகாரி வேண்டும் என்று கோரி, விரைந்து நிறைவேற்றுவதைச் சில நாள் தடுத்தார்.

'நம்மவருக்கே போதவில்லை' என்பது முதல் வாதம், 'கணக்கு எங்கே?' என்பது இரண்டாவது.

முதல் வாதத்தை எண்களைக் கொண்டு சோதிக்கலாம். 2022 ஏப்ரல் 29 அன்று தமிழ்நாடு சட்டப்பேரவை ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றி அறிவித்த உதவி: 40,000 டன் அரிசி, 500 டன் பால் பவுடர், உயிர்காக்கும் மருந்துகள், மொத்தம் ரூ.123 கோடி. தமிழ்நாட்டின் ரேஷன் கடைகளில் மாதந்தோறும் ஏறத்தாழ மூன்று லட்சம் டன் அரிசி வழங்கப்படுகிறது. அனுப்ப முன்வந்தது அதில் நான்கு நாள் அளவு. புதுச்சேரியில் கடைகள் மூடிக் கிடந்ததற்குக் காரணம் அரிசிப் பஞ்சமும் அன்று. அரிசியா, பணமா என்ற நிர்வாகத் தகராறு. கொழும்புக்குக் கப்பல் புறப்படாதிருந்தாலும் அக்கடைகள் திறந்திருக்கமாட்டா.

இரண்டாவது வாதத்துக்கோ நம்மிடம் தக்க விடையில்லை. 2022இல் இந்தியா இலங்கைக்கு வழங்கியதாகச் சொல்லப்படும் சுமார் 400 கோடி டாலரில் பெரும்பகுதி நன்கொடை அன்று. எரிபொருளுக்கு 50 கோடி டாலர் கடன், உணவுக்கும் மருந்துக்கும் 100 கோடி டாலர் கடன், 40 கோடி டாலர் நாணயப் பரிமாற்றம், தள்ளிவைக்கப்பட்ட பாக்கிகள் என்று அது விரியும். டிட்வா உதவியிலும் 35 கோடி சலுகைக் கடன். மானியம் 10 கோடிதான். இந்த வேறுபாடு மக்களுக்குத் தெளிவாகச் சொல்லப்படாததால்தான், திரும்பி வரவேண்டிய கடனும் தானமாகத் தோன்றி எரிச்சலைக் கிளப்புகிறது. ஒவ்வொரு கடனின் நிபந்தனையையும் நம் நாடாளுமன்றம் தனித்தனியே விவாதித்து வாக்களிக்கும் வழக்கமும் இல்லை.

வெள்ளத்தில் தவிப்பவரிடம் கணக்கு முடியும்வரை காத்திரு என்று சொல்ல முடியாது. உதவி உடனே செல்லட்டும். ஆனால் ஆறு மாதத்துக்குள் எது கடன், எது மானியம், எவ்வளவு சேர்ந்தது, எவ்வளவு திரும்பியது என்ற அறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்பட வேண்டும். அரிசிக் கடைக்காரர் கடன் நோட்டில் எழுதாமல் ஒரு படி அரிசியையும் கொடுப்பதில்லை. அரசுக்கும் அந்த ஒழுங்கு பொருந்தும்.