மதுரை விமான நிலையமும் ஊராரின் பாத்தியதையும்

மதுரைக்கு விஸ்தாரமான விமான நிலையம் வேண்டும் என்பதில் இந்நகரத்தில் இரண்டு அபிப்பிராயம் கிடையாது. வர்த்தகர்களும், கடல் கடந்து சென்று பொருளீட்டும் தென் மாவட்டத்துப் பிள்ளைகளும், மீனாக்ஷி சுந்தரேசுவரரைத் தரிசிக்க வரும் யாத்ரிகர்களும் ஒருமுகமாகவே அதைக் கோருகின்றனர். ஓடுபாதையை எவ்வளவு நீட்டுவது, நிலையத்துக்கு எவர் பெயரைச் சூட்டுவது என்பன பற்றி மேடைதோறும் ஓயாத பேச்சு நடக்கிறது. ஆயின், இவற்றுக்கெல்லாம் முன்பாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இந்த விமான நிலையத்தின் காரியங்களில் மதுரை ஜனங்களுக்கு உள்ள பாத்தியதை என்ன? நிலத்தைக் கொடுப்பவர் இவ்வூரார். இரைச்சலைச் சகிப்பவர் இவ்வூரார். கட்டணத்தைச் செலுத்துபவரும் பெரும்பாலும் இவ்வூராரே. தீர்மானம் செய்கிறவர்கள் மட்டும் டில்லியில் இருக்கிறார்கள். இது நியாயமா என்பதையே நாம் இன்று ஆராய விரும்புகிறோம்.

நமது விமான நிலையம் பிறந்த கதையே இந்தக் கேள்விக்குத் தக்க பீடிகையாகும். 1942-ம் வருஷம் பிப்ரவரி 15-ந் தேதி சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. மார்ச்சில் ரங்கூன் வீழ்ந்தது. ஏப்ரல் 5-ந் தேதி கொழும்பும், 6-ந் தேதி விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும், 9-ந் தேதி திரிகோணமலையும் குண்டுவீச்சுக்கு இலக்காயின. சென்னைப் பட்டணத்தார் வீடு வாசலைப் பூட்டிக்கொண்டு உள்நாட்டுக்கு ஓடிய காலம் அது. அந்த நெருக்கடியில் பிரிட்டிஷார் தென்னாட்டில் பல இடங்களில் விமானத் தளங்களை அமைத்தனர். சூலூர், சோழவரம், உளுந்தூர்பேட்டை, செட்டிநாடு, கயத்தாறு முதலிய தளங்கள் அந்த யுத்தகாலத்தின் சின்னங்களே. மதுரைக்குத் தெற்கே, பொங்கலன்று ஜல்லிக்கட்டு நடக்கும் அவனியாபுரத்துக்கு அப்பால், 1942-ல் பிரிட்டிஷ் விமானப்படை உபயோகித்த தளமே இன்றைய மதுரை விமான நிலையத்தின் மூலமாகும்.

அன்று ஊராரைக் கலந்து ஆலோசிக்க வேண்டிய அவசியம் ஆள்வோருக்கு இருக்கவில்லை. யுத்தமோ அவர்களுடையது, ராஜ்யமோ அவர்களுடையது. சர்க்காருக்கு நிலம் தேவை என்று ஒரு காகிதத்தில் எழுதிவிட்டால், மற்றதைக் கவனித்துக்கொள்ள யுத்தகால விதிகளும், 1894-ம் வருஷத்து நில ஆர்ஜிதச் சட்டமும் இருந்தன. அந்நிய ஆட்சியின் சுபாவம் அது. அதில் நாம் ஆச்சரியப்படுவதற்கு ஒன்றுமில்லை. அந்நியன் வெளியேறிய பின்பும் அதே சுபாவம் நிலைத்திருக்குமானால், அதுதான் ஆச்சரியம், அதுதான் வருந்தத்தக்கது.

சுதந்திரத்துக்குப் பின், 1950-களில் இத்தளத்துக்குப் பிரயாணி விமானங்கள் வரத் தொடங்கின. 1953-ல் எட்டு விமானக் கம்பெனிகள் தேசியமயமாக்கப்பட்டு இந்தியன் ஏர்லைன்ஸ் என்னும் ஒரே ஸ்தாபனமாயின. அதன் பிறகு பல்லாண்டு காலம் மதுரைக்கு எத்தனை விமானம் வர வேண்டும், எந்த நேரத்துக்கு வர வேண்டும் என்பதை அந்த ஒரு ஸ்தாபனமே தீர்மானித்தது. ஊர் வளர்ந்தது, ஜனத்தொகை பெருகிற்று, விமானங்கள் மட்டும் சொற்பமாகவே வந்துபோயின. 2010-ம் வருஷம் செப்டம்பர் 12-ந் தேதி புதிய முனையக் கட்டிடம் திறக்கப்பட்டது. சுமார் 17,500 சதுர மீட்டர் பரப்புள்ள அது, ஒரே சமயத்தில் 500 பிரயாணிகளைக் கையாளத் தக்கது. 2012 செப்டம்பரில் கொழும்புக்கு முதல் வெளிநாட்டு விமானம் புறப்பட்டது. 2024 அக்டோபரில் இரவு பகல் 24 மணி நேரமும் நிலையம் இயங்கும் ஏற்பாடு வந்தது. ஆமை வேகமாயினும் இது முன்னேற்றமே. அதை நாம் மறுக்கவில்லை.

இனி, ஓடுபாதை விஷயத்துக்கு வருவோம். மதுரை ஓடுபாதையின் நீளம் 7,500 அடி, அதாவது 2,286 மீட்டர். ஏர்பஸ் 320, போயிங் 737 ரகத்து விமானங்களுக்கு இது போதும். தொலைதூரம் செல்லும் பெரிய விமானங்களுக்குப் போதாது. இதற்குக் காரணம் விமானத்தின் பருமன் மட்டுமன்று. நமது சூரியனும் ஒரு காரணம். வெப்பம் மிகுந்தால் காற்று லேசாகிறது; லேசான காற்று இறக்கையைத் தாங்கும் சக்தி குறைவு; ஆகவே அதே விமானம் குளிர்ந்த தேசத்தில் ஓடுவதைக் காட்டிலும் மதுரையின் சித்திரை வெயிலில் அதிக தூரம் ஓடித்தான் மேலெழும்ப முடியும். பாதை போதாதபோது சரக்கையோ, எரிபொருளையோ, ஆட்களையோ குறைத்துக்கொள்ள வேண்டும். ஆதலால்தான் ஓடுபாதையை 12,500 அடியாக நீட்ட வேண்டும் என்னும் திட்டம் எழுந்தது. நகரின் சுற்றுச்சாலை குறுக்கே கிடப்பதால், சாலையைத் திருப்பிவிடுவதா, ஓடுபாதையின் அடியில் சுரங்கமாகச் செலுத்துவதா என்னும் வாதத்திலேயே ஆண்டுகள் பல கழிந்தன. இத்திட்டத்துக்கென அறுநூறு ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் குறிக்கப்பட்டது. பெருங்குடி, அய்யன்பாப்பாக்குடி, சின்ன உடைப்பு, ராமன்குளம், பாப்பானோடை முதலிய கிராமங்கள் அதில் அகப்பட்டன.

இவற்றுள் சின்ன உடைப்பு கிராமத்தாரின் விஷயத்தை நேயர்கள் சிறிது நின்று கவனிக்க வேண்டும். 2024 நவம்பரில் அக்கிராமத்தாரை வெளியேற்ற அதிகாரிகள் முற்பட்டபோது, ஆண்களும் பெண்களும் திரண்டு ஆட்சேபித்தனர். வழக்கு உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரையில் சென்றது. அவர்கள் கேட்டது என்ன? விமான நிலையமே கூடாது என்று அவர்கள் சொல்லவில்லை. வீட்டை இடிக்குமுன் மாநகராட்சி எல்லைக்குள்ளேயே குடியிருக்க மாற்று இடம் கொடுங்கள், பிள்ளைகளின் பிழைப்புக்கு வழி செய்யுங்கள் என்றே கேட்டார்கள். நிலத்துக்கு நஷ்ட ஈடு நிர்ணயித்தாயிற்றே என்று உத்தியோகஸ்தர் சொல்லக்கூடும். நஷ்ட ஈடு நிலத்துக்கு விலையாகலாம், ஊருக்கு விலையாகுமா? கூலிக்குச் செல்லும் வயலும், தண்ணீர் எடுக்கும் கண்மாயும், குலதெய்வத்தின் கோயிலும், ஆபத்துக்கு ஓடிவரும் அண்டை வீட்டாரும் சேர்ந்ததே ஊர். ரொக்கத்தைக் கையில் கொடுத்துத் தெருவில் நிறுத்தினால், அந்த ரொக்கம் கரைவதற்கு ஓராண்டு போதும்.

சட்டமும் இன்று பழைய சட்டமன்று. 1894-ம் வருஷத்துச் சட்டம் நிலத்தின் விலையை மட்டும் பேசிற்று. குடிபெயர்ந்தவன் எங்கே போவான் என்று கேட்கவேயில்லை. 120 ஆண்டு அமலுக்குப் பின் அது ரத்தாகி, 2014 ஜனவரி முதல் அமலுக்கு வந்த புதிய சட்டம், நியாயமான ஈட்டுடன் மறுவாழ்வையும் மறுகுடியமர்த்தலையும் சர்க்காரின் கடமையாகச் செய்தது. பாராளுமன்றம் ஒப்புக்கொண்ட இந்தத் தர்மத்தைத்தான் சின்ன உடைப்பு ஜனங்கள் கோரினார்கள். எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின்கீழ் நிலம் எடுக்கப்பட்டது என்பது வக்கீல்கள் வாதிக்கும் விஷயமாக இருக்கட்டும். ஒரு ஜனநாயக ராஜ்யத்தில் வீடு கொடுப்பது முதல், இடிப்பது பிறகு என்பதற்கு வாதம் வேண்டியதில்லை.

இங்கே ஆட்சி முறையில் உள்ள ஒரு கோளாறையும் நாம் சுட்டிக்காட்ட வேண்டும். நமது அரசியல் சட்டத்தின் 7-வது அட்டவணையில், மத்திய சர்க்காரின் ஜாபிதாவில் 29-வது இனமாக, ஆகாயப் போக்குவரத்தும் விமான நிலையங்களை அமைத்தலும் வைக்கப்பட்டிருக்கின்றன. 1995 ஏப்ரல் முதல் இந்திய விமான நிலைய ஆணையம் என்னும் மத்திய ஸ்தாபனம் நிலையங்களை நிர்வகிக்கிறது. நிலத்தை எடுத்துத் தரும் பொறுப்பு மட்டும் மாநில சர்க்காரின் தலையில் விழுகிறது. ஆகவே பழியும் கண்ணீரும் இங்கே. அதிகாரமும் வருமானமும் அங்கே. இந்த இருவருக்கும் நடுவில் மதுரை மாநகராட்சி கைகட்டி நிற்கிறது. கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதையாக, ஊரார் நிலத்தைக் கொண்டு எவரோ புண்ணியம் தேடிக்கொள்கிறார்கள்.

வெளிநாட்டு விமான விஷயத்திலும் இதே கதைதான். 1944 டிசம்பரில் சிகாகோ நகரில் கூடிய தேசங்கள், ஒவ்வொரு ராஜ்யத்துக்கும் தன் ஆகாயத்தின் மீது பூரண அதிகாரம் உண்டு என்று உடன்படிக்கை செய்துகொண்டன. அதன் பயனாக, அயல்நாட்டு விமானங்கள் நம் தேசத்தில் எந்த எந்த ஊரில் இறங்கலாம் என்பதை இரு சர்க்கார்களும் பேசி எழுதிக்கொள்கின்றன. வளைகுடா நாடுகளுடனும் கீழ்த்திசை நாடுகளுடனும் ஏற்பட்ட அந்த ஜாபிதாக்களில் மதுரையின் பெயர் பல்லாண்டு காலம் இடம்பெறவில்லை. அக்காலமெல்லாம் ராமநாதபுரத்தானும் விருதுநகரத்தானும் திருச்சிக்கும் திருவனந்தபுரத்துக்கும் பஸ் ஏறிப் போய் விமானம் பிடித்தார்கள். மதுரையைக் கேட்டு எழுதியிருந்தால் இப்படி நேர்ந்திருக்குமா?

வேறு தேசங்களில் எப்படி என்று பார்ப்போம். அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான சிறு விமான நிலையங்கள் நகரசபைகளுக்கும் ஜில்லா சபைகளுக்கும் சொந்தம். நிலம் ஊருடையது, கொட்டகைகளை விமானப் பயிற்சிப் பள்ளிக்கும், பழுது பார்ப்பவருக்கும், சொந்தச் சிறு விமானம் வைத்திருப்பவருக்கும் ஊரே வாடகைக்கு விடுகிறது, வருமானம் நிலையத்துக்கே செலவாகிறது. பந்தோபஸ்தும் ஆகாய வழிக் கட்டுப்பாடும் மத்திய சர்க்காரிடம் இருக்கின்றன. ஓடுபாதை அமைக்க மத்திய கஜானாவிலிருந்து உதவித் தொகையும் வருகிறது. ஊர் நிர்வகித்தால் ஆபத்து என்போருக்கு இது தக்க விடை.

அவ்வளவு தூரம் போவானேன்? பக்கத்து மலையாள தேசத்தில் கொச்சியைப் பாருங்கள். மாநில சர்க்காரும், கடல் கடந்து வாழும் மலையாளிகளும், பொதுஜனங்களும் பங்கு போட்டுக் கம்பெனி அமைத்து, 1999-ல் ஒரு சர்வதேச விமான நிலையத்தைத் திறந்தார்கள். நிலமிழந்த குடும்பங்களுக்கு மனையும், நிலையத்தில் வேலையும், பிரயாணிகளுக்கு டாக்ஸி ஓட்டும் உரிமையும் அளித்தார்கள். இழந்தவனையே பங்காளியாக்கிய அந்தப் புத்தி மதுரைக்கு ஏன் வரக்கூடாது?

விமான நிலையம் என்றால் பெரிய விமானமும் பெரிய மனிதர்களும் மட்டுமே என்னும் எண்ணமும் மாற வேண்டும். 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற நமது மதுரை மல்லிகையை எடுத்துக்கொள்வோம். விடிவதற்கு முன் மொட்டாகப் பறிக்கப்படும் அது, அந்தி சாயும்போது மலர்ந்துவிடும். அந்த ஒரு பகல் பொழுதே அதன் ஆயுளும் விலையும். சரக்கு ஏற்றக் குளிர்ந்த கிடங்கும், தக்க நேரத்தில் ஒரு விமானமும் கிடைத்தால் லாபம் சுற்று வட்டாரத்துக் குடியானவனுக்கு. கிடைக்காவிட்டால் நஷ்டமும் அவனுக்கே. தானமாகப் பெற்ற இதயம் சுமார் நான்கு மணி நேரத்துக்குள் வேறொரு நெஞ்சில் துடிக்க வேண்டும். அதற்குச் சிறு விமானம் போதும். நம் பிள்ளைகள் விமானம் ஓட்டவும் பழுது பார்க்கவும் கற்க ஒரு பள்ளி வேண்டும். அதற்கும் 12,500 அடிப் பாதை தேவையில்லை. ஓடுபாதை நீளும் வரையில் இவற்றை ஒத்திப்போடுவது விவேகமாகாது.

ஒரு ஆட்சேபத்துக்கு விடை கூறுவோம். நூறு குடும்பங்களுக்காக லட்சக்கணக்கானோரின் நன்மையைத் தடுப்பதா என்று சிலர் கேட்கின்றனர். நாம் எதையும் தடுக்கச் சொல்லவில்லை. லட்சக்கணக்கானோருக்கு நன்மை உண்டு என்பது மெய்யானால், அந்த நன்மையில் ஒரு சிறு பாகத்தைக் கொண்டே நூறு குடும்பங்களைச் செம்மையாக வாழவைக்கலாமே! அதற்கு மனமில்லாதபோதுதான் நிலம் வருஷக்கணக்கில் வழக்கில் கிடக்கிறது. திட்டச் செலவும் ஏறுகிறது. நியாயம் செய்வதே அவசரத்துக்கும் குறுக்கு வழி.

ஆகவே நாம் மூன்று காரியங்களை வற்புறுத்துகிறோம். முதலாவது, வீடிழப்போருக்கு மாற்று வீடும், வீட்டுக்கொரு பிழைப்பும் கைக்கு வந்த பின்னரே ஒரு செங்கல்லையேனும் தொட வேண்டும். இரண்டாவது, விஸ்தரிப்பில் அகப்படும் கண்மாய்களின் வரத்துக் கால்வாய்களும் கலுங்குகளும் அடைபடாமல் இருக்க, மண்வெட்டி விழுமுன் வரைபடத்தைக் கிராமத்தார் முன் வைக்க வேண்டும். இச்சமவெளியில் ஒரு கண்மாய் நிரம்பி அடுத்த கண்மாய்க்குப் பாய்வதே நீர்ப்பாசனம். நடுவில் ஒன்றை அடைத்தால் கீழுள்ளவை யாவும் வறண்டுபோம். மூன்றாவது, நிலையத்தின் நிர்வாகத்தில் மாநகராட்சிக்கும், சுற்றுக் கிராமங்களுக்கும், வர்த்தகர்களுக்கும் வெறும் ஆலோசனை கூறும் ஸ்தானமின்றி, வோட்டுள்ள ஸ்தானம் வேண்டும். நிலையத்தின் வரவு செலவு வருஷந்தோறும் தமிழில் பிரசுரிக்கப்பட வேண்டும்.

நிலையத்துக்கு எப்பெயர் சூட்டுவது என்பதை ஜனங்கள் ஆற அமர யோசித்துக்கொள்ளலாம். எத்தனை பெரியோர் பெயரைப் பொறித்தாலும், நிலம் கொடுத்தவன் வேலிக்கு வெளியே தெருவில் நின்றால் அந்தப் பெயருக்குப் பெருமை சேராது. 1942-ல் கேட்பாரின்றி எடுத்துக்கொண்டார்கள். இன்று ஆள்வோர் நம்மவர். அவர்கள் கேட்டுப் பெற்றுக்கொள்ளட்டும். கேட்டால் கொடுக்காத ஊரன்று மதுரை.