ஊர்க்கூட்டமா, கிராமசபையா?

2022 செப்டம்பரில் தென்காசி மாவட்டம் பாஞ்சாகுளத்தில் பட்டியலினக் குழந்தைகள் சிலர் பெட்டிக்கடைக்குத் தின்பண்டம் வாங்கப் போனார்கள். கடைக்காரர் கொடுக்கவில்லை. ஊரில் கூட்டம் போட்டுக் கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள், உங்கள் தெருவுக்கு இனி எதுவும் கொடுக்க முடியாது, வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்றார். அந்தக் காணொளியைத் தமிழ்நாடே பார்த்தது. பழைய வழக்கு ஒன்றில் சமரசத்துக்குப் பட்டியலின மக்கள் உடன்படாததுதான் இந்தக் கட்டுப்பாட்டுக்குப் பின்னணி என்று செய்திகள் வந்தன.

பலரும் அந்தக் கடைக்காரரைத் திட்டினோம். திட்ட வேண்டியதுதான். ஆனால் அவர் சொன்ன வாக்கியத்தில் கவனிக்க வேண்டிய சொல் ஒன்று இருக்கிறது: கூட்டம். எந்தக் கூட்டம்? அதை யார் கூட்டினார்கள்? யாருக்கெல்லாம் அழைப்பு போனது? பெண்கள் உட்கார்ந்திருந்தார்களா? யாருக்கு எதிராக முடிவெடுக்கப்பட்டதோ அந்த மக்கள் பேச இடம் இருந்ததா? தீர்மானம் எந்தப் புத்தகத்தில் எழுதப்பட்டது? ஊர்க்கூட்டத்திடம் இந்தக் கேள்விகளைக் கேட்க முடியாது. அதற்கு வாக்காளர் பட்டியல் இல்லை, பதிவேடு இல்லை, மேல்முறையீடு இல்லை. ஆனால் அதன் உத்தரவு ஒரு குழந்தையின் கையிலிருக்கும் சில்லறைக் காசு வரை எட்டுகிறது.

நம் கிராமங்களில் மன்றங்கள் இரண்டு. ஒன்று சாதி கூட்டுவது. அதற்கு ஊர்க்கூட்டம் என்று பெயர். இன்னொன்று அரசமைப்புச் சட்டம் கொடுத்தது. ஊராட்சி மன்றமும் அதற்கு மேலான கிராமசபையும். ஊராட்சி தன் மக்களுக்கு எப்படிச் சேவை செய்கிறது என்று யாராவது கேட்டால், பதில் இந்த இரண்டாவது மன்றம் முதலாவதை வெல்கிறதா, அதற்கு அடங்கிப் போகிறதா என்பதில்தான் இருக்கிறது.

சட்டம் ஊராட்சிக்கு என்ன வேலை கொடுத்திருக்கிறது? 73ஆவது அரசமைப்புத் திருத்தத்தை அடுத்து வந்தது 1994ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம். சாலை, தெருவிளக்கு, கழிவுநீர் வாய்க்கால், துப்புரவு, பொதுக் கழிப்பறை, இடுகாடு சுடுகாடு, குடிநீர் ஆகியவை அந்தச் சட்டப்படி ஊராட்சியின் கட்டாயக் கடமைகள். படிக்கும்போது சாதுவான பட்டியலாகத் தெரியும். சாதியை அறிந்தவர்களுக்கு அப்படித் தெரியாது. தார்ச்சாலை எந்தத் தெருமுனையோடு நின்றுபோகிறது? எந்தத் தெருவில் எரியாத விளக்கு மாதக்கணக்கில் எரியாமலே கிடக்கிறது? பிணத்தைத் தூக்கிக்கொண்டு யார் வயல்வரப்பில் இறங்கி நடக்கிறார்கள்? மேல்நிலைத் தொட்டியிலிருந்து வரும் குழாய் கடைசியாக எங்கே போகிறது? இந்தப் பட்டியலின் ஒவ்வொரு சொல்லும் தமிழ்நாட்டில் எங்காவது சாதிச் சண்டைக்குக் காரணமாகியிருக்கிறது. ஆகவே ஊராட்சியின் சேவை என்பது குழாய் போடுவது மட்டும் இல்லை. குழாய் எந்தத் தெருவில் தொடங்க வேண்டும் என்று முடிவெடுப்பது.

குற்றாலத்துக்குச் சீசனில் வருகிறவர்கள் இந்த உழைப்பைப் பார்ப்பதில்லை. பேரருவி குற்றாலம் பேரூராட்சியில் இருக்கிறது. பழைய குற்றாலம் ஆயிரப்பேரி ஊராட்சியின் எல்லையில். குளித்துவிட்டு நாம் எறிந்துவிட்டுப் போகும் ஷாம்பு உறைகளையும் எச்சில் இலைகளையும் விடிவதற்குள் அள்ளுகிறவர்கள் உள்ளாட்சிகளின் தூய்மைப் பணியாளர்கள். அருவிக்கு அடியில் யாரும் யாருடைய சாதியையும் கேட்பதில்லை என்று பெருமைப்படுகிறோம். அருவிக்கரையைக் கூட்டும் வேலை மட்டும் ஏன் தலைமுறை தலைமுறையாகச் சில சாதிகளின் கையிலேயே நிற்கிறது என்று கேட்பதில்லை. அந்தப் பணியாளருக்குக் கையுறை உண்டா, நிரந்தர வேலை உண்டா, நேரத்துக்குச் சம்பளம் உண்டா என்பதும் உள்ளாட்சியின் சேவைக் கணக்கில்தான் வர வேண்டும்.

இந்த மன்றத்துக்குள் ஒடுக்கப்பட்டவர்கள் நுழைந்தபோது என்ன நடந்தது என்பதற்கு நம் மண்ணே சாட்சி. 1996இல் இடஒதுக்கீட்டோடு உள்ளாட்சித் தேர்தல் வந்தது. மதுரை மாவட்டம் மேலவளவில் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனும் அவரோடு இருந்த ஐந்து பேரும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஊராட்சிகளில் பத்தாண்டுகள், 2006 வரை, முறையான தேர்தலை நடத்தவே விடவில்லை. அங்கே தேர்தலைத் தடுத்ததும் ஊர்க்கூட்டத்தின் முடிவுதான்.

2006 நவம்பரில் நக்கலமுத்தன்பட்டி ஊராட்சித் தலைவர் ஜக்கையன் கொல்லப்பட்டார். அருந்ததியர். குருவிகுளம் ஒன்றியத்தைச் சேர்ந்த அந்த ஊர் அன்று நெல்லை மாவட்டம், இன்று தென்காசி. தலைவர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு வேறொருவர் சொன்ன இடத்தில் கையெழுத்துப் போடும் பொம்மையாக இருக்க மறுத்தார் என்பதே அவர் மீதான பகைக்குக் காரணமாகப் பேசப்பட்டது. அடுத்தது தாழையூத்து. அங்கே தலைவராக இருந்த கிருஷ்ணவேணியும் அருந்ததியர். பெண்களுக்குப் பொதுக் கழிப்பறை கட்ட முயன்றதற்காகப் பகையைச் சம்பாதித்தார். 2011 ஜூனில் வழிமறித்து வெட்டினார்கள், உயிர் பிழைத்தார். குற்றவாளிகளில் ஆறு பேருக்கு 2024 நவம்பரில்தான் நெல்லை நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. ஒரு கழிப்பறைக்காக வெட்டு வாங்கியவருக்கு நீதி கிடைக்கப் பதின்மூன்று ஆண்டுகள்.

வெட்டு விழாத இடங்களில் வேறு வழிகள் இருக்கின்றன. கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலைவர் தரையில் உட்கார வைக்கப்பட்ட படம் 2020இல் வெளிவந்தது. 2022 ஆகஸ்டில், பட்டியலினத் தலைவர்கள் கொடியேற்றுவதை யாரும் தடுக்கக்கூடாது என்று தலைமைச் செயலாளரே ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. விடுதலைக்கு 75 ஆண்டுகள் நிறைந்த நேரம் அது. இன்னும் சத்தமில்லாத வழி ஒன்றும் உண்டு. ஊராட்சிப் பணத்தை எடுக்கத் தலைவரோடு துணைத் தலைவரும் கையெழுத்திட வேண்டும். முறைகேட்டைத் தடுக்க வந்த ஏற்பாடு இது. துணைத் தலைவர் ஆதிக்க சாதிக்காரராக இருந்து பேனாவை மூடி வைத்துக்கொண்டால், பட்டியலினத் தலைவர் ஒரு குழல்விளக்குகூட வாங்க முடியாது. பிறகு "இவர் வந்து என்ன செய்தார்?" என்று அதே வாய்கள் கேட்கும்.

இதையெல்லாம் பார்த்த இளம் தோழர்கள் சிலர், ஊராட்சி அரசியல் என்பதே காண்ட்ராக்ட் அரசியல், அதில் நமக்கு என்ன வேலை என்கிறார்கள். பதவியை ஏலம் விடுகிற ஊர்களைப் பார்த்தால் அந்தக் கோபம் புரிகிறது. ஊரின் மீது இந்த அவநம்பிக்கை புதிதும் இல்லை. 1948 நவம்பர் 4 அன்று அரசமைப்பு அவையில் அம்பேத்கர் கிராமத்தைப் புகழ்ந்தவர்களோடு உடன்படவில்லை. கிராமத்தை அறியாமையும் சாதியும் மண்டிய இடமாகவே அவர் பார்த்தார். தனிமனிதனையே அரசமைப்பின் அலகாக வைத்ததற்காக மகிழ்ந்தார். அதனால்தான் இன்றைய ஊராட்சி பழைய கிராமப் பஞ்சாயத்தின் தொடர்ச்சி இல்லை என்பதை நாம் அழுத்திச் சொல்ல வேண்டும். பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் மக்கள்தொகை விகிதத்தில் இடம், தமிழ்நாட்டில் பெண்களுக்குப் பாதி இடம், வாக்காளர் பட்டியலில் உள்ள ஒவ்வொருவரும் கிராமசபை உறுப்பினர் என்பதெல்லாம் ஊரின் மரபு கொடுத்தவை அல்ல. ஊரின் மரபுக்கு எதிராகச் சட்டம் கொடுத்தவை.

ஆனால் சட்டம் கொடுத்தது தானாக நடந்துவிடாது. மகாராட்டிரத்தின் மகாத் நகரமும் ஓர் உள்ளாட்சிக் கதைதான். பொதுக்குளங்கள் எல்லாருக்கும் திறந்தவை என்று பம்பாய் சட்டமன்றம் 1923இல் தீர்மானித்தது. 1924இல் மகாத் நகராட்சியும் சவுதார் குளத்தைத் திறந்துவிட்டதாகத் தீர்மானம் போட்டது. தீர்மானம் தாளில் இருந்தது. ஒருவரும் தண்ணீர் அள்ள முடியவில்லை. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோரோடு நடந்துபோய்த் தண்ணீரைக் கையில் எடுத்தபோதுதான் அந்தத் தீர்மானத்துக்கு உயிர் வந்தது. சில மாதங்களில் அதே நகராட்சி தன் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றது என்பதையும் மறக்கக்கூடாது. மன்றத்தில் தீர்மானம் வேண்டும். அதை நடைமுறையாக்க மக்களும் வேண்டும். ஒன்றில்லாமல் மற்றொன்று நிற்காது.

பாஞ்சாகுளத்துக்குத் திரும்புவோம். அங்கே சட்டம் அசைந்தது. கைதுகள் நடந்தன. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 10ஆவது பிரிவின்கீழ், குற்றம் சாட்டப்பட்ட ஐந்து பேர் ஆறு மாதங்கள் அந்த ஊருக்குள் நுழையக்கூடாது என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. ஊரை விட்டு விலக்கிவைக்கும் அதிகாரம் சாதிக்கு மட்டுமே உரியது என்று நினைத்திருந்தவர்களுக்கு, அது சட்டத்திடமும் இருக்கிறது என்று காட்டிய உத்தரவு அது. ஆனால் காவல்துறையும் நீதிமன்றமும் காணொளி வெளியான பிறகுதான் வர முடியும். காணொளி எடுக்கப்படாத கட்டுப்பாடுகளை யார் உடைப்பது? ஊருக்குள்ளேயே, ஊரார் கண்முன்னேயே, எல்லாரும் சமமாக உட்கார வேண்டிய சட்டப்படியான ஓர் இடம் கிராமசபைதான்.

இப்போது இதைப் பேச ஒரு காரணம் இருக்கிறது. 2019 நவம்பரில் பிறந்த தென்காசி மாவட்டத்தில் 2021 அக்டோபரில்தான் ஊரகத் தேர்தல் நடந்தது. அதில் வெங்கடாம்பட்டி ஊராட்சிக்கு, போட்டியிடத் தேவையான குறைந்தபட்ச வயதான 21ஐ எட்டியிருந்த பொறியியல் படித்த பெண் ஒருவர் தலைவரானதைப் பலரும் அறிவோம். மாவட்டத்தின் 221 ஊராட்சிகளிலும் அன்று பொறுப்பேற்றவர்களின் ஐந்தாண்டுக் காலத்துக்கு எல்லை 2026 அக்டோபர். 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மற்ற மாவட்டங்களின் கதி நமக்குத் தெரியும்: 2025 ஜனவரி 5 அன்று காலம் முடிந்தது, அடுத்த தேர்தல் நடத்தப்படாமல் அதிகாரம் தனி அலுவலர்களிடம் போனது. 2016 முதல் 2019 வரையும் தமிழ்நாடு இதே நிலையில்தான் இருந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இருந்தால்தான் மானியம் என்பது 15ஆவது நிதி ஆணையத்தின் நிபந்தனை. ஆக, தேர்தல் இல்லையென்றால் பணமும் தடைபடும்.

தனி அலுவலர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் ஒரே வட்டார அலுவலர் பல ஊராட்சிகளுக்கும் தலைவர் என்றால், தெருவிளக்கு எரியவில்லை என்று இரவில் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது? அதைவிட முக்கியம், ஒரு பட்டியலினப் பெண் போராடிப் பெற்ற நாற்காலி அன்றோடு காலியாகிறது. சாதியின் ஊர்க்கூட்டத்துக்கோ பதவிக்காலம் முடிவதே இல்லை. அதற்குத் தனி அலுவலர் வருவதில்லை, தொகுதி மறுவரையறை அதைத் தடுப்பதில்லை. சட்டத்தின் மன்றம் காலியாகக் கிடக்கும் ஒவ்வொரு மாதமும் ஊர்க்கூட்டத்துக்கே லாபம். உள்ளாட்சித் தேர்தலைத் தள்ளிப்போடும் எந்த அரசும், சமூகநீதியைப் பற்றி என்ன பேசினாலும், இந்த லாபக் கணக்குக்குப் பொறுப்பு ஏற்க வேண்டும்.

ஆகவே முதல் கோரிக்கை அரசிடம்: காலம் முடிவதற்கு முன் தேர்தல் நடத்து. மீதி நம்மிடம். ஆண்டுக்கு ஆறு கிராமசபைகள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேரும், 3,000 வரை 100 பேரும், 10,000 வரை 200 பேரும், அதற்கு மேல் 300 பேரும் வந்தால்தான் கூட்டம் செல்லும். பல ஊர்களில் இந்த எண்ணிக்கை வீடு வீடாகப் போய் வாங்கும் கையெழுத்துகளால் நிரம்புகிறது. அதைக் கால்களால் நிரப்புங்கள். சென்னையிலும் கோவையிலும் வேலை பார்க்கிறவர்கள் கோயில் கொடைக்கு விடுப்பெடுத்து ஊருக்கு வருகிறோம். கிராமசபைக்கு ஒரு நாள் வரலாம். வந்து தலைவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று பாருங்கள். வரவு செலவுக் கணக்கை வாசிக்கச் சொல்லுங்கள். சுடுகாட்டுப் பாதை, தெருவிளக்கு, தூய்மைப் பணியாளர் சம்பளம் என்று ஒன்றையாவது தீர்மானமாக எழுத வையுங்கள். எழுதியதைப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பட்டியலினத் தலைவரையோ உறுப்பினரையோ கடமை செய்யவிடாமல் தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். சமூகப் புறக்கணிப்பும் குற்றம். இதைக் கூட்டத்திலேயே எழுந்து சொல்லுங்கள்.

ஒரு தீர்மானத்தையும் சேர்த்துக்கொள்ளலாம்: இந்த ஊராட்சியில் யார் எந்தக் கடைக்கு வந்தாலும் பொருள் கொடுக்கப்பட வேண்டும், எந்த ஊர்க் கட்டுப்பாடும் செல்லாது. இப்படி எழுத வேண்டியிருப்பது வெட்கக்கேடுதான். ஆனாலும் எழுதுவோம். ஊரில் கூட்டம் போட்டு முடிவெடுத்திருக்கிறார்கள் என்று அடுத்த முறை ஒரு கடைக்காரர் சொன்னால், நாங்களும் கூட்டம் போட்டு முடிவெடுத்திருக்கிறோம் என்று சொல்ல அந்தக் குழந்தைகளின் வீட்டில் ஒரு தாளாவது இருக்கட்டும்.