வாளி நிறைந்தது, ரப்பர் எவ்வளவு?



பால்மரம் வெட்டிப் பிழைத்த குடும்பங்களுக்கு ஒரு கணக்கு நன்றாகத் தெரியும். தோட்டம் செம்பனைக்கு மாறிவிட்டாலும், வீட்டிலுள்ள பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள். காண்டாக் கம்பில் இரண்டு வாளிப் பாலைச் சுமந்துபோய் ஸ்டோரில் இறக்கும்போது, வாளி நிறைந்திருக்கிறதே என்று மனம் மகிழும். ஆனால், வாளியை மட்டும் பார்த்துக் கூலி எழுத மாட்டார்கள். பாலில் மெட்ரோலாக் கருவியை விட்டு, ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று பார்ப்பார்கள். நல்ல பாலில்கூட நூற்றுக்கு முப்பது, நாற்பது பங்குதான் ரப்பர். மங்கில் மழைத் தண்ணீர் விழுந்துவிட்டால் வாளி என்னவோ சீக்கிரம் நிறைந்துவிடும். ரப்பர் மட்டும் அதே அளவுதான்.

இந்தப் பழைய கணக்கை இன்று நான் எடுத்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு.

என்னிடம் படித்த மாணவன் ஒருவனின் தாயார், செங் பக்கத்தில் ஒரு தாமான் வீட்டில் குடியிருப்பவர். கணவருக்குத் தோட்டத்தில் வேலை. இவர் வீட்டிலேயே முறுக்கும் அதிரசமும் செய்து விற்கிறார். மகன் அவருக்கு முகநூலில் வியாபாரப் பக்கம் ஒன்றைத் திறந்து கொடுத்திருந்தான். சென்ற தீபாவளிக்குச் சில வாரங்கள் முன்பு, முறுக்கு டின்னின் படத்தைப் போட்டு, அதற்கு 180 வெள்ளி கட்டி விளம்பரமும் செய்தான். எண்கள் மளமளவென்று ஏறின. அதைப் பார்த்த தாயாரும் பிள்ளையின் பள்ளிச் செலவுக்குச் சேர்த்து வைத்திருந்த சிறுவாட்டுக் காசை எடுத்து மாவும் எண்ணெயும் வாங்கி, 60 டின் முறுக்குச் சுட்டுவிட்டார்.

தீபாவளி முடிந்த மறுவாரம் கைப்பேசியுடன் என் வீட்டுக்கு வந்தார். கண் கலங்கியிருந்தது.

"டீச்சர், பன்னிரண்டாயிரம் பேரு பார்த்திருக்காங்கன்னு போன் சொல்லுது. பன்னிரண்டு டின்கூட இதுல போகலையே! அந்தப் பன்னிரண்டாயிரம் பேரும் யாரு டீச்சர்?"

நல்ல கேள்வி அல்லவா? இன்று நம்மவர்களில் எத்தனையோ பேர் முகநூலில் கடை வைத்திருக்கிறார்கள். பூமாலை, தையல், கேக், மிளகாய்த் தூள், வாடகை வேன் என்று எல்லாம் அங்கே வந்துவிட்டன. அவர்கள் அனைவருக்கும் பயன்படட்டும் என்று அந்த அம்மாவுக்குச் சொன்ன விடையை இங்கே எழுதுகிறேன்.

செங் சன்னாசிமலை ஆண்டவர் கோயில் மாசிமகத்தை மனக்கண்ணில் கொண்டு வாருங்கள். அந்த வழியில் நீங்கள் ஒரு முறுக்குக் கடை போட்டிருக்கிறீர்கள். கடை கண்ணில் பட்டவர்கள் எத்தனை பேர்? அதுதான் ஆங்கிலத்தில் 'ரீச்' என்பது. சென்றடைவு என்று சொல்லலாம். ஒருவர் பத்து முறை பார்த்தாலும் ஓர் ஆள்தான். இதுவும் வாசலில் நின்று ஒவ்வொருவராக எண்ணிய தொகையல்ல. மதிப்பீடு என்று முகநூல் நிறுவனமே குறிப்பிடுகிறது.

கோயிலுக்குப் போகும்போது ஒரு முறை, திரும்பும்போது ஒரு முறை என்று ஒரே ஆள் இரண்டு தடவை பார்த்தால், அவை இரண்டு 'வியூஸ்', அதாவது இரண்டு பார்வைகள். ஆகவே, பார்வைகளின் எண்ணிக்கை ஆட்களின் எண்ணிக்கையைவிடப் பெரும்பாலும் பெரிதாகவே இருக்கும். 2024ஆம் ஆண்டு முதல் இன்ஸ்டாகிராமும் முகநூலும் இந்தப் பார்வை எண்ணிக்கையையே முதன்மையாகக் காட்டத் தொடங்கியிருக்கின்றன. அந்த அம்மாவின் பக்கத்தில் 19,000 பார்வைகள் என்றிருந்தது. அதைப் பார்த்துப் பத்தொன்பதாயிரம் பேர் என்று எண்ணிவிடக் கூடாது.

மூன்றாவது எண் 'எங்கேஜ்மெண்ட்'. கடையின் முன்னே நின்றவர்கள், விலை கேட்டவர்கள், "இங்கே வந்து பாருடி" என்று தோழியை அழைத்தவர்கள் ஆகியோரின் கணக்கு இது. முகநூலில் விருப்பக் குறி இடுவது, கருத்து எழுதுவது, பிறருக்குப் பகிர்வது, படத்தையோ இணைப்பையோ தட்டிப் பார்ப்பது எல்லாம் இதில் அடங்கும். ஈடுபாடு என்போம்.

இந்த மூன்றுக்கும் அப்பால் நான்காவது எண் ஒன்று உண்டு. அது முகநூலின் கணக்கில் இல்லை; உங்கள் கல்லாப் பெட்டியில் இருக்கிறது. எத்தனை பேர் காசு கொடுத்து வாங்கினார்கள் என்பதே அது.

இனி, அந்த அம்மாவின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைக்குத் தெரிந்த விழுக்காட்டுக் கணக்குத்தான், பயப்பட வேண்டாம். சென்றடைந்தவர்கள் 12,000. விருப்பக் குறி 205, கருத்து 20, பகிர்வு 15, ஆக மொத்தம் 240. 240ஐ 12,000ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 2 விழுக்காடு. நூறு பேர் கடந்து போனால் இரண்டு பேர் நின்றார்கள். விலை கேட்டுச் செய்தி அனுப்பியவர்கள் 18 பேர். ஆளுக்கு ஒரு டின் வாங்கியவர்கள் 6 பேர்.

விளம்பரச் செலவு 180 வெள்ளியை ஆறால் வகுத்துப் பாருங்கள். ஒரு வாடிக்கையாளரைப் பிடிக்க 30 வெள்ளி ஆகியிருக்கிறது! டின்னின் விலை 25 வெள்ளி. சரக்குச் செலவு 16 போக இலாபம் 9 வெள்ளி. ஆறு டின்னுக்கு 54 வெள்ளி இலாபம் பார்க்க 180 வெள்ளி கொடுத்தாயிற்று. கைநட்டம் 126. தெரிந்தவர்கள் வாங்கியது 23 டின். மீதி 31 டின் வீட்டில் தேங்கிவிட்டது. அதன் சரக்குச் செலவு 496 வெள்ளி. பன்னிரண்டாயிரம் என்ற ஓர் எண்ணை நம்பியதால் வந்த வினை இது.

சரி, அந்தப் பன்னிரண்டாயிரம் பேரும் யார்? அதற்கும் பதில் கைப்பேசியிலேயே இருந்தது. பக்கத்தின் உரிமையாளருக்கு 'இன்சைட்ஸ்' என்று ஒரு பகுதி உண்டு. பார்வையாளர்களின் வயது என்ன, ஆண்கள் எத்தனை, பெண்கள் எத்தனை, எந்த ஊர்க்காரர்கள் என்பதை அது காட்டும். திறந்து பார்த்தோம். பினாங்கு, ஜொகூர் பாரு, கிள்ளான், ஈப்போ என்று ஊர்கள் வரிசையாக நின்றன. மலாக்கா கடைசியில் இருந்தது. மகன் விளம்பரத்தைப் போடும்போது நாடு முழுவதையும் குறித்துவிட்டான். அந்த அம்மாவோ கணவரின் மோட்டாரில் செங், குருபோங், பத்து பெரண்டாம் வட்டாரத்துக்கு மட்டுமே கொண்டு போய்க் கொடுப்பவர். பினாங்கில் இருப்பவர் விருப்பக் குறி இடுவார். முறுக்கு வாங்க செங்குக்கு வருவாரா?

இன்னொரு தவறும் நடந்திருந்தது. விளம்பரத்தின் நோக்கம் என்ன என்று முகநூல் கேட்கும். ஈடுபாடு வேண்டும் என்று குறித்தால், விருப்பக் குறி இடும் பழக்கமுள்ளவர்களாகத் தேடிக் காட்டும். செய்தி வர வேண்டும் என்று குறித்தால், கடைக்காரருக்குச் செய்தி அனுப்பக் கூடியவர்களைத் தேடிக் காட்டும். கேட்டதைத்தான் அது கொடுக்கும். பையன் விருப்பக் குறியைக் கேட்டான். விருப்பக் குறி கிடைத்தது.

பெரிய நிறுவனங்களே எண்களில் இடறியதுண்டு என்பதையும் தெரிந்து கொள்ளுங்கள். 2016ஆம் ஆண்டு செப்டம்பரில், காணொளிகளை மக்கள் சராசரியாக எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்ற கணக்கு இரண்டு ஆண்டுகளாக மிகையாகக் காட்டப்பட்டதை முகநூல் நிறுவனம் ஒப்புக் கொண்டது. மூன்று விநாடிக்கு மேல் நீடித்த பார்வைகளை மட்டும் கொண்டு வகுத்ததே தவறு. வகுப்பில் நாற்பது பிள்ளைகள் இருக்க, தேறிய இருபது பேரின் எண்ணிக்கையால் மட்டும் மொத்த மதிப்பெண்ணை வகுத்தால் சராசரி எப்படி உயரும்? அதே கதைதான். பெரிய பெரிய விளம்பர நிறுவனங்களே அந்த எண்ணை நம்பியிருந்தன என்றால், நம் வீட்டுப் பெண்மணி ஏமாந்ததில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மற்றொரு செய்தி. 2018ஆம் ஆண்டு ஜனவரியில் அந்த நிறுவனம், உறவினர், நண்பர்களின் பதிவுகளுக்கே முதலிடம் தரப்போவதாகவும், வியாபாரப் பக்கங்களின் பதிவுகள் குறைவாகவே கண்ணில் படும் என்றும் அறிவித்தது. ஆகவே, உங்கள் பக்கத்தை ஆயிரம் பேர் பின்தொடர்ந்தாலும், ஒவ்வொரு பதிவும் ஆயிரம் பேருக்கும் போய்ச் சேர்ந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். எண்ணிக்கை இறங்கினால் சரக்கு கெட்டுவிட்டது என்று மனம் உடையவும் வேண்டாம்.

கூட்டத்தை எண்ணுவது வேறு, கூட வருபவர்களை எண்ணுவது வேறு. இதை நம் சமுதாயம் என்றோ கண்டிருக்கிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, பாட்டாளிகள் வேலையும் வீடும் இழந்து தவித்த காலத்தில், 1960ஆம் ஆண்டு துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தோட்டம் தோட்டமாக நேரில் சென்று பேசினார். மாதம் 10 வெள்ளி வீதம் 100 வெள்ளி பங்குக்குக் கட்டுங்கள், நாமே தோட்டம் வாங்குவோம் என்று கேட்டுக் கொண்டார். கூட்டத்துக்கு வந்த தலைகளை எண்ணிக் கொண்டு அவர் வீடு திரும்பியிருந்தால் ஒரு ஏக்கர் நிலமாவது வாங்கியிருக்க முடியுமா? பேர் கொடுத்து, பத்து வெள்ளியை எடுத்துக் கொடுத்தவர்களால்தான் சங்கம் தோட்டங்களை வாங்கியது. கைதட்டியவர்கள் சென்றடைவு, பத்து வெள்ளி கொடுத்தவர்கள் ஈடுபாடு.

அப்படியானால் சென்றடைவு வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் கடை போட்டால் ஈ ஓட்ட வேண்டியதுதான். ஆனால், ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும். அதற்கு என் யோசனை இது.

பிள்ளையின் பழைய பயிற்சிப் புத்தகம் ஒன்றை எடுங்கள். பதிவு போட்ட நாள், சென்றடைந்தவர்கள், ஈடுபட்டவர்கள், விலை கேட்டவர்கள், வாங்கியவர்கள், செய்த செலவு என்று ஆறு கட்டம் போடுங்கள். ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு வாரம் கழித்து எழுதுங்கள். வாங்குபவரிடம் "எங்கே பார்த்து வந்தீர்கள்?" என்று ஒரு வார்த்தை கேட்டுக் குறித்துக் கொள்ளுங்கள். ஒரு பதிவை உங்களின் முந்தைய பதிவோடு மட்டும் ஒப்பிடுங்கள். தெரிந்த முகங்கள் உள்ள சிறிய கூட்டத்தில் விழுக்காடு இயல்பாகவே கூடுதலாக வரும். ஆகவே, அடுத்தவர் பக்கத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட வேண்டாம். விளம்பரம் செய்தால் நீங்கள் போய்ச் சேரக்கூடிய ஊரை மட்டும் குறியுங்கள். முதலில் பத்து, இருபது வெள்ளி போட்டுப் பாருங்கள். ஆயிரம் விருப்பக் குறி இத்தனை வெள்ளி என்று யாராவது விற்க வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். அது மங்கில் விழும் மழைத் தண்ணீர். முக்கியமாக, கைப்பேசியில் ஏறும் எண்ணைப் பார்த்து அடுப்பை மூட்டாதீர்கள். ஆர்டர் கையில் வந்த பிறகு மாவைப் பிசையுங்கள்.

அந்த அம்மா இப்படித்தான் பொங்கலுக்குச் செய்தார். விளம்பரத்துக்குக் காசு கட்டவில்லை. பக்கத்தில் படத்தைப் போட்டு, கோயிலில் பழகிய பெண்களைப் பகிரச் சொன்னார். சென்றடைந்தவர்கள் 400 பேர். ஈடுபட்டவர்கள் 60, அதாவது 15 விழுக்காடு. விற்றது 22 டின். இலாபம் 198 வெள்ளி. ஒரு டின்கூடத் தேங்கவில்லை. தீபாவளி நட்டம் இதனால் முழுதும் அடையவில்லை. இன்னும் இரண்டு, மூன்று பண்டிகை ஆகலாம். ஆனால், புத்தகத்தைக் கொண்டு வந்து காட்டியபோது அவர் முகத்தில் தெளிவு இருந்தது.

"நானூறு பேருதான் டீச்சர். ஆனா, யாரு என்னான்னு எனக்குத் தெரியுது" என்றார்.

பெருமக்களே! வாளி நிறைவதில் மகிழ்ச்சி அடையுங்கள், தவறில்லை. ஆனால், கூலி எழுதும் முன்பு மெட்ரோலாக்கை விட்டுப் பாருங்கள்.